மூன்றே முக்கால் அடி

அந்த ஏரியில் அன்றைக்குத் தண்ணீர் எத்தனை அடி ஆழம் என்பதுதான் ஆறு வருஷமாக அந்தக் குடும்பத்தில் தீராத வழக்கு. கரையிலிருந்து தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டிருந்த மரத்துறையில் ஒரு பலகை ஆணியடித்து வைத்திருந்தார்கள். ‘ஆழம் 3¾ அடி’ என்று அதில் பட்டையாக எழுதியிருந்தது. உள்ளே விழுந்தவர் அதை இரண்டு தடவை படித்திருந்தார். விழுவதற்கு முன்னால் ஒரு தடவை, விழுந்துகொண்டிருக்கும்போது ஒரு தடவை. ஆனால் என்ன பிரயோஜனம்? அவரைக் காலரைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டது அவர் மனைவியின் அண்ணன். இழுத்துப் போட்டவர் சொல்வதுதானே கதை!

விழுந்தவர் நகரப் பேருந்து டெப்போவில் கால அட்டவணை போடுகிறவர். எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பி, எந்த நிறுத்தத்தை எத்தனை மணிக்குத் தொட வேண்டும் என்று இருபத்து மூன்று வருஷமாகப் பெரிய பெரிய தாள்களில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டிருப்பவர். டெப்போவில் அவருக்குப் பெயர் ‘நிமிஷம்’. “நிமிஷம் சார் வந்தாச்சா?” என்றால், மணி எட்டு இருபத்தைந்து ஆகிவிட்டதா என்று அர்த்தம். வீட்டிலும் அப்படித்தான். முட்டை ஏழு நிமிஷம் வேகவேண்டும். ஏழே கால் ஆனால் மனிதருக்கு அன்றைக்கு முழுக்க முகம் சரியாக இருக்காது.

மச்சான் வேறு ரகம். மெத்தைக்கடை வைத்திருந்தார். பஞ்சைக் காற்றாக்கி, காற்றைப் பஞ்சாக்கி விற்கிற வாய். கடையில் வேலை செய்த வாய் ஞாயிற்றுக்கிழமை மட்டும் சும்மா இருக்குமா? வருஷத்துக்கு ஒரு தடவை மொத்தக் குடும்பமும் சாப்பாட்டுக் கூடையோடு அந்த ஏரிக்கரைப் பூங்காவுக்குப் போகும். சாப்பிட்டு முடித்துக் கையைத் துடைத்ததும் மச்சான் ஆரம்பிப்பார்: “அன்னைக்கு மாப்ளே விழுந்தாரு பாருங்க...”

முதல் வருஷம் தண்ணீர் அவர் நெஞ்சு வரை இருந்தது. அடுத்த வருஷம் ஆறு அடி ஆயிற்று. அதற்கடுத்த வருஷம் ஒன்பது. அப்புறம் காலுக்குக் கீழே தரையே இல்லாமல் போயிற்று. போன வருஷம், கேளுங்கள், திடீரென்று ஒரு சுழல் வந்து சேர்ந்தது. கண்ணு காது மூக்கு எல்லாம் வைத்து அவர் சொல்லச் சொல்ல, கூட இருந்தவர்களுக்கே சுழலைப் பார்த்த மாதிரி ஞாபகம் வந்துவிட்டது. வருகிற வருஷம் முதலை வந்துவிடும் என்பதில் நிமிஷத்துக்குச் சந்தேகமே இல்லை.

தப்பான எண்ணைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க அவரால் முடியாது. ஒவ்வொரு வருஷமும் எழுந்து நின்று, “மூணே முக்கால் அடி மச்சான். பலகைல எழுதியிருந்துச்சு. உங்க சட்டைப்பையில இருந்த தீப்பெட்டி கூட நனையல,” என்பார். அவ்வளவுதான், சிரிப்பு இரண்டு மடங்காகும். போகப் போக அவர் எழுந்து நிற்பதே கதையில் ஒரு பகுதியாகிவிட்டது. அவர் வாயைத் திறப்பதற்குள் மச்சானின் பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து, “மூணே முக்கால்!” என்று கத்துவார்கள்.

ஊர் சிரிக்கட்டும், உலகமே சிரிக்கட்டும், அவருக்கு அது பெரிதில்லை. அவர் மனைவி சிரித்தாள். அதுதான் தொண்டையில் மீன்முள்ளாக நின்றது. கண்ணில் தண்ணீர் வர, தொடையைத் தட்டித் தட்டிச் சிரிப்பாள். போன வருஷம் வீடு திரும்பும் பேருந்தில்கூட அவளுக்கு அடங்கவில்லை. “ஏங்க, அந்தச் சுழல்ல நீங்க எத்தனை சுத்து சுத்துனீங்க?” என்று கேட்டுவிட்டு மறுபடி சிரித்தாள். இருபத்தாறு வருஷம் கூடவே வாழ்ந்தவள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். உள்ளே அழுகை வந்தது. ஐம்பத்திரண்டு வயசில் இதற்கெல்லாம் அழுவார்களா என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

மறுநாள் காலை எட்டு இருபத்தைந்துக்கு நாற்காலியில் உட்கார்ந்தவர், புதுத் தாள் ஒன்றை உருவினார். வழித்தடத்தின் பெயர் எழுதும் இடத்தில் எழுதினார்: ‘மரத்துறை முதல் மிதவை வரை. அறுபது மீட்டர். நீந்தி. எல்லார் கண் முன்னாலும்.’ ஏரியின் நடுவில் நீந்துகிறவர்கள் ஏறி உட்காருவதற்காக ஒரு மர மிதவை கட்டி விட்டிருந்தார்கள். அதுவரை நீந்திப் போய்விட்டால் அப்புறம் எந்த மச்சான் எந்தச் சுழலைக் கொண்டுவந்து விட முடியும்? அதுதான் கணக்கு. அவளும் சிரிக்க மாட்டாள்.

ஒரு விஷயம்: மனிதருக்கு நீச்சலில் ‘நீ’கூடத் தெரியாது.

அட்டவணைக்காரர்கள் பின்னாலிருந்து முன்னால் வருவார்கள். வண்டி கடைசியாகப் போய்ச் சேரவேண்டிய நேரத்தை வைத்துக்கொண்டு, அதற்கு முந்தைய நிறுத்தம், அதற்கும் முந்தையது என்று பின்னாலேயே நடந்து வந்து கிளம்பும் நேரத்தைப் பிடிப்பார்கள். அடுத்த ஏரிக்கரை ஞாயிற்றுக்கிழமையைக் கொஞ்சம் முன்னாலேயே வைத்துக்கொள்வதாகப் பேசியிருந்தார்கள், அதற்கு நாற்பத்து நான்கு வாரம் இருந்தது. அதனால் நாற்பத்து நான்காவது வாரம் ஏரி. முப்பதாவது வாரம் நகராட்சி நீச்சல்குளத்தின் முழு நீளம். இருபதாவது வாரம் பாதி நீளம். மூன்றாவது வாரம் செவ்வாய்க்கிழமை காலை ஆறு நாற்பதுக்கு மிதத்தல். அவர் சத்தியமாக அப்படித்தான் எழுதினார்: ‘6.40 – மிதத்தல்.’

வீட்டில் காலை ஷிப்ட் என்று சொல்லிவிட்டு ஒரு துண்டையும் அரைக்கால் சட்டையையும் பையில் போட்டுக்கொண்டு குளத்துக்குக் கிளம்பினார். அவருக்குத் தோதான ஆறு பத்துக்கு நடந்தது பாலர் வகுப்பு. சொல்லிக்கொடுக்கும் பெண்ணுக்கு இருபத்தெட்டு வயசு இருக்கும். கழுத்தில் விசில், பேசுவதைவிட அதை ஊதுவதுதான் அதிகம். அவர் நீட்டிய தாளை அவள் மேலும் கீழுமாகப் பார்த்தாள்.

“சார், இதுல மூணாவது வாரம் ஆறு நாற்பதுக்கு மிதக்கணும்னு போட்டிருக்கு.”

“ஆமாம்மா.”

“ஆறு நாற்பத்தொண்ணுக்கு?”

“ஆறு நாற்பத்தஞ்சு வரைக்கும் மிதக்கறதுதான்.”

அவள் விசிலை வாயில் வைத்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். மூன்றாவது வாரம் செவ்வாய்க்கிழமை சுவர்க் கடிகாரத்தில் ஆறு நாற்பது ஆனது. நம்ம ஆள் கையைக் காலை விரித்து மல்லாந்து படுத்தார். ஒரு நொடி தாமதமில்லாமல் நேராக அடிக்குப் போனார். மறுபடி படுத்தார், மறுபடி போனார். பக்கத்தில் மிதந்துகொண்டிருந்த இரட்டைச் சடைச் சிறுமி ஒருத்தி ரொம்ப அக்கறையோடு கேட்டாள்: “தாத்தா, நீங்க ஏன் கீழயே போறீங்க?”

தாத்தா என்றதுகூடப் பரவாயில்லை. அதே கேள்வியைத்தான் அவரும் தன்னிடம் கேட்டுக்கொண்டிருந்தார். “சார், தண்ணிக்கு உங்க டைம்டேபிளைப் படிக்கத் தெரியாது,” என்றாள் விசில். ஒரு நீலப் பலகையைக் கையில் கொடுத்து, அதைப் பிடித்துக்கொண்டு காலை மட்டும் உதைத்துக்கொண்டே போகச் சொன்னாள். ஒரு வாரம் உதைத்தால் போதும் என்றாள். அவர் ஏழு வாரம் உதைத்தார். வந்த குழந்தைகள் எல்லாம் பலகையை விட்டுவிட்டு நீந்திப் போக, இவர் மட்டும் நீலப் பலகையைக் கட்டிப் பிடித்தபடி மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தார். கால் உதைப்பில் மட்டும் அவரை மிஞ்ச ஆள் இல்லாமல் போனது. பலகையைப் பிடுங்கினால் ஆள் காணாமல் போவார்.

பத்தாவது வாரம் அட்டவணையைப் பார்த்தபோது வண்டி ஏழு வாரம் தாமதம். டெப்போவில் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதிர் மேசை அம்மாவிடம் விஷயத்தைச் சொல்லியிருந்தார். சொல்லாமல் முடியாது, தாள் அவ்வளவு பெரிது. அந்த அம்மாவும் அட்டவணைதான். பென்சிலை ஊசி மாதிரி சீவி வைத்துக்கொண்டு, பேசவேண்டியதை மட்டும் பேசுகிற ஆள்.

“சார், புது வழித்தடம் போடும்போது முதல்ல என்ன பண்ணுவோம்?”

“வண்டியில ஏறி உக்காந்து, வாட்சைக் கையில வச்சுக்கிட்டு ஒரு தடவை ஓட்டிப் பார்ப்போம்.”

“இந்த வண்டியை ஓட்டிப் பார்த்தீங்களா?”

நிமிஷம் திருதிருவென்று முழித்தார். எந்த வண்டி என்று கேட்கப் போனவர், அந்த அம்மாவின் பென்சில் தன் தொப்பையை நோக்கி நீண்டிருப்பதைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். உண்மைதானே! இருபத்து மூன்று வருஷத்தில் ஒரு வண்டிக்குக்கூட ஓட்டிப் பார்க்காமல் நேரம் போட்டதில்லை. தன் உடம்புக்கு மட்டும் நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஆசைக்கு நேரம் போட்டிருக்கிறார். என்ன மடத்தனம்!

மறுநாள் குளத்தில் ஒழுங்காக ஓட்டிப் பார்த்தார். எத்தனை நொடி மூச்சுப் பிடிக்க முடிகிறது? பதினான்கு. பலகை இல்லாமல் எவ்வளவு தூரம் போய் முழுகுகிறார்? மூன்று மீட்டர். சரி, மூன்று மீட்டர்தான் இந்த வண்டியின் லட்சணம், அதற்கு ஏற்ற மாதிரி நிறுத்தம் வை! குளத்தின் ஓரமாக மூன்று மீட்டருக்கு ஒரு நிறுத்தம் குறித்தார். முதல் நிறுத்தம் ஏணி. அடுத்தது உடைந்த ஓடு. அப்புறம் விளக்கு, கடிகாரம், தண்ணீர்க் குழாய், சிவப்புக் கோடு. ஒவ்வொரு நிறுத்தத்திலும் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார், மூச்சை ஏற்றி இறக்குவார், கிளம்புவார். அது நன்றாகப் பழகியதும் ஒரே ஒரு நிறுத்தத்தை மட்டும் எடுத்தார். உடைந்த ஓட்டில் நிற்காமல் நேரே விளக்கு. இரண்டு வாரம் கழித்து விளக்கும் போனது. சாதா வண்டியை எக்ஸ்பிரஸ் வண்டியாக மாற்றுகிற வேலைதான். டெப்போவில் எத்தனை தடவை செய்திருக்கிறார்! அவசரப்படவில்லை, ஒரே தடவையில் இரண்டு நிறுத்தத்தை எடுக்கவும் இல்லை. முப்பத்தெட்டாவது வாரம் குளத்தின் இந்தச் சுவரில் கிளம்பிய வண்டி அந்தச் சுவரில்தான் நின்றது. இரட்டைச் சடை கைதட்டினாள். விசில் நீளமாக ஒரு விசில் ஊதினாள்.

நாற்பத்து மூன்றாவது வாரம் அறுபது மீட்டர் வந்துவிட்டது. அறுபது முடிந்ததும் ஏணி, ஏணி ஏறினால் துண்டு, துண்டு முடிந்தால் டெப்போ. இந்தத் துண்டு விஷயத்தில் மட்டும் அவருக்கு ஒரு குழப்பம். பையில் ஒரு துண்டுதான் வைப்பார். திறந்தால் பல நாள் இரண்டு இருக்கும், இரண்டாவதில் நீலக் கரை போட்டிருக்கும். எண்ணுவதில் இதுவரை பிசகாதவர், வயசாகிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு இரண்டாலும் துடைத்துக்கொள்வார்.

ஏரிக்கு இரண்டு நாள் முன்னால் எதிர் மேசை அம்மா அந்தத் தாளை ஒரு தடவை பார்த்தாள். அவர்கள் போடும் தாளில் நடுவில் ஒரு கோடு உண்டு. இடது பக்கம் போகும் வண்டிகள், வலது பக்கம் திரும்பி வரும் வண்டிகள். அந்தப் பிரிவில் வேலையை ஆதியிலேயே அப்படித்தான் பிரித்துக் கொடுத்திருந்தார்கள். போகிற வண்டி நிமிஷத்தின் பொறுப்பு. திரும்புகிற வண்டி எதிர் மேசையின் பொறுப்பு. இருபத்து மூன்று வருஷத்தில் அவர் கோட்டைத் தாண்டிப் பென்சில் வைத்ததே இல்லை.

“சார், வலது பக்கம் காலியா இருக்கே?”

“அது உங்க பக்கம்தானே,” என்றார் அவர், தாளிலிருந்து தலையை நிமிர்த்தாமல்.

“சரி சார்,” என்றாள் அந்த அம்மா. பென்சிலை எடுத்து, ஏற்கெனவே கூராக இருந்ததை இன்னும் கூராகச் சீவ ஆரம்பித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயில். சாப்பாட்டுக் கூடை காலியானது. மச்சான் கடைசி அவித்த முட்டையை எடுத்துக்கொண்டு, முதுகை மரத்தில் சாய்த்து, தொண்டையைச் செருமினார். “அன்னைக்கு மாப்ளே விழுந்தாரு பாருங்க...” பிள்ளைகள் இப்போதே வாயைத் திறந்து தயாராக இருந்தார்கள்.

நிமிஷம் எழுந்து நின்றார். மூன்றே முக்கால் என்று சொல்லவில்லை. சட்டையைக் கழற்றி நாலாக மடித்து வைத்தார். வாட்சைக் கழற்றி மனைவியின் கையில் கொடுத்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் வாட்சைக் கழற்றி இன்னொருவர் கையில் கொடுத்தது இதுதான் முதல் தடவை.

“மூணு பத்து. பார்த்துக்கோ,” என்றார்.

“எங்க மாப்ளே?” என்றார் மச்சான்.

“மிதவைக்கு.”

கூட்டமே கொல்லென்று சிரித்தது. அவளும் சிரித்தாளா என்று திரும்பிப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை. விறுவிறுவென்று மரத்துறைக்கு நடந்தார். பலகையைப் பார்த்து ஒரு முறை முறைத்துவிட்டு, தண்ணீரில் இறங்கினார்.

ஏரியில் ஓடும் இல்லை, விளக்கும் இல்லை, பிடித்துக்கொள்ளச் சுவரும் இல்லை. அதை அவர் யோசித்து வைத்திருந்தார். நான்கு கை வீச்சுக்கு ஒரு நிறுத்தம் என்று மனசுக்குள் பெயர் சொல்லிக்கொண்டே போனார். ஏணி. உடைந்த ஓடு. விளக்கு. கடிகாரம். ஒன்பதாவது நிறுத்தத்தில் ஏதோ கொடி வந்து காலைத் தடவியது. ‘ஐயோ, முதலை’ என்று ஒரு கணம் தோன்றியது. அது மச்சானின் வாயில் அடுத்த வருஷம் வரவேண்டிய முதலை என்று ஞாபகம் வந்ததும் அவருக்கே சிரிப்பு வந்தது. சிரித்ததில் கொஞ்சம் தண்ணீர் குடித்தார். தண்ணீர்க் குழாய். சிவப்புக் கோடு. மறுபடி ஏணி. கை எதிலோ மோதியது. மிதவை!

பிடித்து ஏறி நின்று கரையைப் பார்த்தார். மச்சானின் வாய் திறந்தபடி இருந்தது. பாதி முட்டை கையிலேயே நின்றுபோயிருந்தது. பிள்ளைகள்தான் முதலில் குதிக்க ஆரம்பித்தார்கள். நம்ம ஆளுக்கு நெஞ்சு விம்மியது. பத்து மாசம், பாலர் வகுப்பு, நீலப் பலகை, அத்தனைக்கும் சேர்த்து இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார். வாழ்க்கையில் இதைவிடச் சந்தோஷமாக அவர் இருந்ததே இல்லை. சரி, வந்தாயிற்று, அடுத்தது என்ன என்று பழக்க தோஷத்தில் மனசுக்குள் தாளைப் பார்த்தார்.

தாளில் இடது பக்கம் முடிந்திருந்தது. வலது பக்கம் வெள்ளையாக இருந்தது.

“அடக் கடவுளே!”

கரை அதே அறுபது மீட்டர் தூரத்தில்தான் இருந்தது. ஆனால் இப்போது அது எதிர் மேசையின் அறுபது மீட்டர். கையைத் தூக்கிப் பார்த்தார், தூக்கிய கை தானாகவே இறங்கியது. ‘சரி சார்’ என்று சொன்னாளே மகராசி, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா! மண்டையில் அடித்துக்கொள்ளலாம் என்றால், அதைக் கரையிலிருந்து முப்பது பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

உதவிக்குக் கூப்பிட்டால் முடிந்தது கதை. இல்லை, முடியாது, புதுசாக ஆரம்பிக்கும். ‘மிதவையில் மாட்டின மாப்ளே’ என்று இன்னும் முப்பது வருஷத்துக்கு ஓடும். மிதவைக்கு இறக்கை முளைக்கும், அவள் தொடையைத் தட்டிச் சிரிப்பாள். அவர் ஒரு பெருமூச்சு விட்டு நிதானமாக யோசித்தார். வண்டி ஒரு முனைக்கு வந்ததும் உடனே திரும்புமா? டிரைவர் இறங்குவார், கைகாலை உதறுவார், அரை மணி நிற்பார், அப்புறம்தான் எடுப்பார். நமக்கும் ஒரு அரை மணி. அதற்குள் கை மறுபடி கை ஆகிவிடும். இந்த முடிவுக்கு வந்ததும், வெயில் காயவே இவ்வளவு தூரம் வந்தவர் மாதிரி, கைகளைத் தலைக்கு அடியில் கொடுத்து ஜம்மென்று மல்லாந்து படுத்தார்.

எட்டு நிமிஷம் போயிருக்கும்.

“மாப்ளே! பயப்படாதீங்க! நான் வந்துட்டேன்!”

எழுந்து பார்த்தால், வாடகைக்கு விடுகிற மிதிபடகு ஒன்றில் மச்சான்! இரண்டு பேர் உட்காரும் படகு, ஒற்றை ஆளாய் வலது பக்கத்தில் உட்கார்ந்திருந்ததில் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. மிதவைச் சட்டையின் பித்தான் தொப்பையின் மேல் சேராததால் சும்மா தோளில் மாட்டியிருந்தார். முகத்தில் அப்படி ஒரு பிரகாசம். இருக்காதா? புதுக் கதை ஒன்றை நோக்கி மனிதர் மிதித்துக்கொண்டு வந்தார்.

அந்தப் படகு மிதவையைத் தொட்டுவிட்டால் பத்து மாசமும் பாழ். குறித்த நேரத்துக்கு முன்னால் வண்டியை எடுப்பது டெப்போவில் பெரிய குற்றம். இருந்தாலும் நிமிஷம் இருபத்திரண்டு நிமிஷம் முன்கூட்டியே வண்டியை எடுத்தார்.

பாதி தூரம் வந்ததும் கை ஓய்ந்தது. தலையைத் தூக்கிப் பார்த்தார். மிதிபடகு அவர் பக்கம் வராமல், ஒரே இடத்தில் வட்டம் போட்டுக்கொண்டிருந்தது. மச்சானின் முகத்தில் பிரகாசம் எல்லாம் போய் ஈயாடவில்லை.

“மாப்ளே... இது வலது பக்கமாவே போகுது மாப்ளே.”

“திருப்புற கைப்பிடி ஒண்ணு இருக்கும் பாருங்க மச்சான்.”

மச்சான் அதை உயர்த்திக் காட்டினார். “கையோட வந்துடுச்சு.”

“அப்ப குதிச்சு நீந்தி வாங்க. முப்பது மீட்டர்தான்.”

படகு ஒரு முழு வட்டம் அடித்துவிட்டு வந்தது. அப்புறம் ரொம்பச் சின்னக் குரலில் சொன்னார்: “எனக்கு நீச்சல் தெரியாது மாப்ளே.”

நிமிஷத்துக்கு முதலில் காதில் தண்ணீர் போய்விட்டதோ என்று தோன்றியது. ஒன்பது அடி! தரையே இல்லாத ஆழம்! சுழல்! அத்தனைக்குள்ளும் பாய்ந்து இவரைக் காப்பாற்றிய மகானுக்கு நீச்சல் தெரியாதாம். சிரித்த சிரிப்பில் மறுபடி தண்ணீர் குடித்தார். பிறகு படகின் பின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அவருக்கும் அந்த நேரத்தில் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டியிருந்தது, அதை மறைப்பானேன். ஆனால் படகுக்குள் ஏறவில்லை. பிடித்த மாத்திரத்தில் கைக்கு அது என்ன என்று புரிந்துவிட்டது: கொஞ்சம் பெரிய நீலப் பலகை, மேலே மச்சான் உட்கார்ந்திருக்கிறார், அவ்வளவுதான் வித்தியாசம். பின்னாலிருந்து பிடித்து நேராக்கி, காலை உதைத்தார். ஏழு வாரத்து உதை! படகு கரையைப் பார்த்துக் கிளம்பியது.

பத்து மீட்டர் போனதும் உதைப்பதை நிறுத்தினார்.

“என்ன மாப்ளே? ஏன் நின்னுட்டீங்க?”

“இங்க ஒரு ஸ்டாப் இருக்கு மச்சான். அன்னைக்குத் தண்ணி எத்தனை அடி?”

“என்னைக்கு? ஓ... அது ஒரு ஒன்பது அடி...”

படகு மெல்ல வலது பக்கம் திரும்ப ஆரம்பித்தது.

“ஆறு! ஆறு அடி இருக்கும்!”

படகு இன்னும் கொஞ்சம் திரும்பியது. நிமிஷம் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மூணே முக்கால்! மூணே முக்கால்தான்! பலகைல எழுதியிருந்துச்சு, நானும் படிச்சேன்! தீப்பெட்டி கூட நனையல! உதைங்க மாப்ளே, உங்க கால்ல விழறேன்!”

“சுழல்?”

“சுழலும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல!”

கால் மறுபடி வேலை செய்தது. கரைக்கு வரும்வரை மச்சான் வாயைத் திறக்கவில்லை.

மரத்துறையில் மொத்தக் குடும்பமும் நின்றிருந்தது. படகு மோதி நின்றதும் மச்சான் தாவி இறங்கினார். கால் மரப்பலகையைத் தொட்டதும் வாய்க்கு உயிர் வந்துவிட்டது. “நான் மட்டும் போகலேன்னா இன்னைக்கு மாப்ளே...”

“அண்ணே, நீ சும்மா இரு,” என்றாள் தங்கை. “இந்தத் தடவை நான் சொல்றேன்.”

நிமிஷம் தண்ணீரிலிருந்து ஏறி, சொட்டச் சொட்ட நின்றார். அவள் அவர் தோளைச் சுற்றி ஒரு துண்டைப் போர்த்தினாள். நீலக் கரை போட்ட துண்டு. அவர் அதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

“எப்போ இருந்து தெரியும்?”

“ரெண்டாவது வாரத்துல இருந்து. டைம்டேபிள் போட்டுட்டு வர்ற மனுஷன் மேல எப்படிங்க குளோரின் வாடை வரும்?” என்று காதோடு சொன்னவள், குரலைக் கொஞ்சம் தாழ்த்தினாள். “அன்னைக்கு பஸ்ல நீங்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டீங்களே, அப்பவே சிரிச்சது தப்புன்னு தெரிஞ்சுபோச்சு.”

அவள் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். அவருடைய வாட்ச் அவள் மணிக்கட்டில் இருந்தது.

“கேளுங்க! மூணு பத்துக்கு இறங்கினாரு. நிக்கல, திரும்பிப் பார்க்கல, விர்ருனு மிதவைக்குப் போயிட்டாரு. அங்க சாவகாசமா படுத்து ஒரு தூக்கம் போட்டாரு. அப்பத்தான் நம்ம அண்ணன் படகு நடு ஏரியில மாட்டிக்கிச்சு. அங்க தண்ணி எவ்வளவு ஆழம் தெரியுமா? முப்பது அடி!”

நடு ஏரியின் ஆழம் பதினோரு அடி. மிதவையின் பக்கவாட்டில் எழுதியிருந்தது, ஏறும்போது படித்திருந்தார். பழக்கத்தில் அவர் வாய் திறந்துகொண்டது. பிள்ளைகள் எல்லாரும் அவரையே பார்த்தார்கள். மச்சானும் பார்த்தார், பாவம், மாப்ளே வாயிலிருந்து வரப்போகும் சரியான எண்ணைத்தான் நம்பி நின்றிருந்தார்.

“முப்பதா மாப்ளே?” என்றார்.

நிமிஷம் நீலக் கரைத் துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

“இருக்கும் மச்சான்,” என்றார். “முப்பத்தொண்ணு கூட இருக்கும்.”